மகளை எப்படி முழுதாகப் பேச வைப்பது?

வணக்கம். என் மகளுக்கு 13 வயது. ஆன்லைன் கேம் சாட்டில் பழக்கமான ஓர் ஆள், தனக்கு 15 வயது என்று சொல்லி மூன்று வாரமாக அவளோடு பேசி வருகிறான். நேற்றுதான் பார்த்தேன். முதலில் கேமைப் பற்றித்தான் பேச்சு. அப்புறம் "உன்னை வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை, இல்லையா?" என்று ஆரம்பித்து, வேறொரு செயலிக்கு வரச் சொல்லியிருக்கிறான். செய்திகள் தானாக அழியும்படி வைக்கச் சொன்னதும், படம் கேட்டதும்தான் வயிற்றைக் கலக்கியது. அனுப்பவில்லை என்கிறாள். நம்புகிறேன், முக்கால்வாசி.

போனைப் பிடுங்கினால் அடுத்த முறை என்னிடம் சொல்லவே மாட்டாள். படத்தை வாங்கி மிரட்டுகிறவர்களுக்கு வேண்டியதும், வீட்டில் சொல்லப் பிள்ளை பயப்படுவதுதானே? அதனால் திட்டவில்லை. பிளாக் செய்வதற்கு முன் உரையாடலையும் அவன் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். ஒருவேளை படம் போயிருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் நம் போனை விட்டுப் போகாது; அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்து, அந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

இதைக் கடந்து வந்த பெற்றோர் யாராவது சொல்லுங்கள். பிள்ளை கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்ல என்ன செய்தீர்கள்? கேம் நிறுவனத்திடம் புகார் செய்தால் போதுமா, போலீஸுக்கும் போக வேண்டுமா? அவளோ இன்னமும் "அவன் நல்ல ஃபிரெண்ட்மா" என்கிறாள்.