சௌராவின் 'ஃபாடோஸ்' படத்தில் நடனம் எதற்காக?

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். ஸ்பெயின் இயக்குநர் கார்லோஸ் சௌரா 2007இல் எடுத்த 'ஃபாடோஸ்' படத்தை நேற்றிரவு பார்த்து முடித்தேன். கதை என்று எதுவும் இல்லாமல், அரங்கு, திரைகள், ஒளி, பாட்டு ஆகியவற்றை மட்டுமே வைத்துக் கட்டிப்போட்டுவிட்டார். ஆயினும் ஒரு நெருடல். ஃபாடோ என்பது போர்ச்சுகலின் பாட்டு மரபு; உட்கார்ந்து, பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய இசை என்றே படித்திருக்கிறேன். அப்படியிருக்க, பல பாடல்களில் நடனக் கலைஞர்களை ஆடவிட்டது ஏன்? 'ஃபிளாமென்கோ' (1995), 'டாங்கோ' (1998) ஆகிய படங்களில் கைவந்த உத்தியை இந்த இசையின்மீதும் ஏற்றிவிட்டாரோ என்று ஐயுறுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் ஃபாடோவின் பிறப்பைப் பார்த்தால், ஆட்டம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று என்பது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலுக்குச் சென்ற ஐரோப்பியப் பயணிகள் 'ஃபாடோ' என்ற பெயரில் அங்கே கண்டது ஒரு நடனத்தைத்தான். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் லுண்டு ஆட்டத்துக்கு அது நெருங்கிய உறவு. நெப்போலியனின் படைக்கு அஞ்சி 1807இல் கப்பலேறிய போர்த்துகீசிய அரசவை 1821இல் பிரேசிலின் ரியோவிலிருந்து திரும்பிய காலத்தில், அந்த ஆட்டமும் லிஸ்பன் துறைமுகத்தில் வந்து இறங்கியது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. லிஸ்பனின் பழைய பகுதிகளான அல்ஃபாமா, மோராரியாவின் சந்துகளில் வேர்விட்ட பிறகு ஆட்டம் மெல்ல உதிர, பாட்டு நிலைத்தது. பிரேசில் பாடகர் கயத்தானோ வெலோசோவையும், மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத் தீவு நாடான காபோ வெர்தேயின் பாடகி சிசாரியா எவோராவையும் படத்துக்குள் சேர்த்ததன் மூலம் சௌரா அந்தக் கடல்வழியைத்தான் திரும்பக் காட்டுகிறார்.

மறுமொழி 2

மேலே சொன்ன வரலாற்றை முழுமையாக ஏற்கிறேன். எனினும் என் மனத்தில் தங்கியவை ஆட்டமில்லாத இடங்களே. படத்தின் பிற்பகுதியில் ஒரு ஃபாடோ வீட்டையே (ஃபாடோ பாடப்படும் உணவகம்) அரங்கில் அமைத்து, மூத்தவர்களும் இளையவர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் பாடும்படி விட்டிருக்கிறார். பாடுபவர்களின் அருகிலேயே, பேரிக்காய் வடிவமும் 12 கம்பிகளும் கொண்ட போர்த்துகீசிய கித்தார். குரல் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும் இடத்தில் அது மெல்லப் பதில் சொல்லி, குரல் மறுபடி எழும்போது அடங்கிவிடுகிறது. 'சவுதாத்' என்று அவர்கள் அழைக்கும், இழந்ததை நினைந்துருகும் ஏக்கத்துக்கு இந்த அசையாமைதான் பொருந்துகிறது. நடனம் வந்த பாடல்களில் கண் ஆடுபவரின் பின்னே ஓடியதால், காதுக்குப் பாதிதான் எட்டியது.

மறுமொழி 3

நடனமா பாட்டா என்ற விவாதத்தில் பிரேசில் பாடகர் சிக்கோ புவார்க்கியின் பகுதியை நாம் விட்டுவிடக் கூடாது. அவர் 'ஃபாடோ ட்ராபிகல்' பாடும்போது, 1974 ஏப்ரல் 25இல் போர்ச்சுகலின் சர்வாதிகார ஆட்சியை வீழ்த்திய கார்னேஷன் புரட்சியின் பழைய படக்காட்சிகள் திரையில் ஓடுகின்றன. 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஃபாடோ வரிகளைத் தணிக்கைக்கு உட்படுத்தி, பாடகர்கள் தொழில் அட்டை வைத்திருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. அவ்வளவு நெருக்கடியைத் தாங்கிய இசையையே, புரட்சிக்குப் பின் பலர் வீழ்ந்த ஆட்சியின் இசை என்று சொல்லி ஒதுக்கினார்கள். அந்தப் பழியைச் சுமந்த ஃபாடோவை வீரர்களின் துப்பாக்கியில் செருகிய கார்னேஷன் பூக்களுக்கு அருகிலேயே கொண்டுவந்து நிறுத்தியதற்காகவே, நான் இந்தப் படத்தை இரண்டாம் முறையும் பார்த்தேன்.