தண்ணீர் வடிந்தும் விதை போட முடியாத நாட்கள்: உங்கள் அனுபவம்?

கீரைப்பாத்தி:
சிங்கப்பூரில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் எனக்கு ஒரு வாடகைப் பாத்தி இருக்கிறது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அவ்வளவுதான். 2025ல் பொங்கலுக்கு முன்னால் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜனவரி 10, 11 இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர். ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222.4 தான். நான் தூவியிருந்த தண்டுக்கீரை விதை அத்தனையும் பாத்தியின் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது.

வெயில் வந்த முதல் நாளே ஓடிப்போய் மண்ணைக் கொத்தி வெண்டை ஊன்றினேன். பத்து நாளாகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை விரலில் கூழாக நசுங்குகிறது. மேல்மண் காய்ந்திருக்கிறது, இரண்டு விரல் ஆழத்தில் வெறும் களி. அன்று மனசு விட்டுப்போயிற்று. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? எத்தனை நாள் பொறுத்தீர்கள்?

நீடாமங்கலத்தான்:
அக்கா, எங்களுக்கு இது வருமானம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஊரில் மூன்று ஏக்கர், சம்பா. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். ஏக்கருக்குப் பத்து கிலோ. நெல்லை அறுத்த பிறகு உழவும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. வயலில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே அதை வளர்த்துவிடும். எழுபது, எழுபத்தைந்து நாளில் காசு. அந்தக் காசில்தான் கோடையில் வீட்டுச் செலவு ஓடும்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் காவிரி டெல்டா முழுக்கப் பருவம் தப்பிய மழை. அப்போது நான் இங்கே சிங்கப்பூரில், துவாஸில் வேலையில் இருந்தேன். ராத்திரி விடுதிக்கு வந்து வீடியோ கால் போட்டால், கதிரோடு நெல் சாய்ந்து தண்ணீருக்குள் கிடக்கிறது. அடியில் தெளித்த உளுந்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. நான்கு நாள் தண்ணீர் நின்றால் உளுந்து தாங்காது, அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தண்ணீர் வடிந்ததும் நான் பணம் அனுப்பி, "மறுபடி விதை வாங்கித் தெளிங்கப்பா, தை முடியப் போகுது" என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணிதான் போயிருக்கு, ஈரம் போகலடா" என்றார். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வயலில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்து காட்டினார். விரலிடுக்கில் சேறு வழிந்தது. "தடம் பதியணும், ஆனா மண்ணு காலோட வரக் கூடாது. அப்பத்தான் மெழுகு பதம்."

அந்தப் பதம் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்கிடையில் சாய்ந்த நெல்லை அறுக்கச் செயின் வண்டிதான் (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) வேண்டும், டயர் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். செயின் வண்டிக்கு ஊரே வரிசையில் நின்றது. பக்கத்து வயல்காரர் அவசரப்பட்டு மூன்றாம் நாளே உளுந்து தெளித்தார். அழுகிப்போய் அவர் திரும்பவும் விதை வாங்க வேண்டியதாயிற்று.

பொறுத்ததால் எங்களுக்கு முழு விளைச்சல் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாசியில் போட்ட உளுந்துக்குப் பனி கிடைக்கவில்லை. பூக்கிற நேரத்தில் வெயில் ஏறிப் பூ உதிர்ந்தது, மஞ்சள் தேமல் நோயும் வந்தது. வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை. அரசு அறிவித்த நிவாரணம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய், பயறு வகைக்கு 3,000. உளுந்தை நம்பி வாழ்கிறவனுக்கு அந்த 3,000 எந்த மூலைக்கு? இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

தேக்கா காய்கறிக்கடை:
தம்பி சொன்ன அதே 2023ல், பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் பக்கத்தில் மலேசியாவின் ஜொகூரில் வெள்ளம். சிகாமட், யோங் பெங், பத்து பகாட் எல்லாம் முழுகி 40,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். பத்து பகாட்டில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. நமக்கு வரும் கீரையில் நிறைய அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் விளைவதுதான்.

"மழை நின்னு பத்து நாளாச்சே அண்ணே, இன்னும் ஏன் இந்த விலை?" என்று தினமும் கேட்பார்கள். கங்கோங் கீரை விதைத்தால் பறிக்க மூன்று, நான்கு வாரம். அதுவும் மேடை காய்ந்து விதை போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. தோட்டக்காரர் ஒருவர் போனில் பேசும்போது குரல் உடைந்துவிட்டது. அவரிடம் போய் எப்படி விலையைக் குறைக்கச் சொல்வது? கேட்பவர்களிடம் நிதானமாக இதைத்தான் சொன்னேன். சிலர் புரிந்துகொண்டு வாங்கிப் போனார்கள்.

கீரைப்பாத்தி:
தம்பி, இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் பாத்தியில் கால் வைத்துப் பார்க்க இடமில்லை, ஆனால் பிழிந்து பார்க்கலாம். நேற்றைய மழைக்குப் பிறகு இன்று காலை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். நீர் வடியவில்லை, உருண்டையாக நின்றது, விரலால் தட்டியும் உதிரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன்.

அண்ணே, அதுவரை தண்டுக்கீரை விதை உங்கள் கடையில் கிடைக்குமா?