இடுப்பை அளந்தால் சர்க்கரை தெரியுமா?

பழையசோறு: போன வாரம் காய்ச்சல் என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். காய்ச்சலைக் கேட்கும் முன்பே இடுப்பில் டேப்பைச் சுற்றினார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, உடற்பயிற்சி உண்டா என்று கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் சர்க்கரை நோய் அபாய மதிப்பெண் போட்டு, "70 வருது சார், ஹை ரிஸ்க்" என்றார்கள். கணக்கைப் பாருங்கள். வயது 52 என்பதற்கு 30. அப்பாவின் சர்க்கரைக்கு 10. இடுப்பு 94 செ.மீ., அதற்கு 10. தினமும் நடந்தாலும் உட்கார்ந்து பார்க்கும் வேலையாம், 20. இதில் 40 நான் பிறந்ததற்குப் போட்ட அபராதம்!

வைகைக்கரை: அண்ணே, நான் நர்ஸ். இதே தாளை நானும் நிரப்புகிறேன். சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் மோகன் குழு 2005இல் கொண்டுவந்த மதிப்பெண் முறை இது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஹை ரிஸ்க்; நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றுதான் அர்த்தம். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் அது தப்புதான்.

கணக்குப்புலி: 50 வயதுக்கு 30, உடற்பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் 30. அங்கேயே 60! ரிட்டயர் ஆகி ஈஸிசேரில் சாய்ந்தவர் அத்தனை பேரும் ஹை ரிஸ்க். அப்புறம் எதற்கு டேப்? விரலில் ஒரு குத்து குத்தினால் முடிந்தது.

வைகைக்கரை: கிளினிக்கில் சரி. ஊர் முகாமில் இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது, யாரை முதலில் குத்துவது? அதற்குத்தான் இது. ஆனால் அளப்பதில் கோளாறு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். புடவைக் கொசுவம் செருகிய இடத்தில் டேப்பை வைத்தால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். பெண்களுக்கு 80லேயே மதிப்பெண் ஏறும். "நடப்பீங்களாம்மா?" என்றால் "ம், கடைக்கு" என்பார்கள். அதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

கணக்குப்புலி: அதைவிட மோசம் ஒன்று சொல்கிறேன். என் அண்ணன் மகன், வயது 29, ஒல்லி. அம்மா, அப்பா இருவருக்கும் சர்க்கரை. ஓர் இடத்தில் 40 போட்டு, "ஒன்றுமில்லை, போங்க" என்று அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் 280.

வைகைக்கரை: கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 40 "ஒன்றுமில்லை" கிடையாது. 30க்குக் கீழேதான் குறைந்த அபாயம், 30 முதல் 50 வரை நடுத்தரம். தாளில் இருந்ததை அவர்கள் சரியாகப் படிக்கவில்லை. இன்னொன்று, ஒல்லியான இளவயதுக்காரருக்கு முதல் வகை சர்க்கரையாகவும் (உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோவது) இருக்கலாம். இந்த மதிப்பெண் இரண்டாம் வகைக்கானது.

கணக்குப்புலி: தாளைப் படிக்கத் தெரியாதவர் கையில் தாளைக் கொடுத்தது யார் தப்பு? மதிப்பெண் இல்லாவிட்டால் அந்த டாக்டர் பையனிடம் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பார். அதிகத் தாகமா, எடை குறைகிறதா என்றாவது கேட்டிருப்பார்.

வைகைக்கரை: அல்லது எதுவுமே கேட்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பழையசோறு: எனக்கும் சட்டை, பெல்ட் எல்லாவற்றுக்கும் மேல்தான் டேப்பை வைத்தார்கள். வீட்டில் அளந்தேன், 89தான். அந்த 10 போச்சு!

வைகைக்கரை: 10 போனால் 60 அண்ணே. அதுவும் ஹை ரிஸ்க்தான். காலையில் சாப்பிடாமல் வாங்க.