‘மின்னழுத்தச் சீராக்கி’: ஆல்டர்னேட்டருக்கு இந்தச் சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வாகன மின்னியல் கலைச்சொல் பட்டியலில் வோல்டேஜ் ரெகுலேட்டருக்கு ‘மின்னழுத்தச் சீராக்கி’ என்று இட்டிருக்கிறோம். எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பொறுத்தவரை இது படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும் என்பது என் கருத்து. சொல்லைத் தொடுமுன் அந்தப் பாகத்தின் வேலையைப் பார்த்துவிடலாம்.

ஆல்டர்னேட்டரில் சுழல்வது, காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச்சுருள். கரித்தூரிகைகள் வழியாக அதற்குச் சில ஆம்பியர் போகிறது. எஞ்சின் வேகம் கூடினாலும் வெளியீடு கூடும், புலமின்னோட்டம் கூடினாலும் கூடும். வேகம் ஓட்டுநர் காலில் இருக்கிறது. ஆகவே ரெகுலேட்டர் கைவைக்க முடிவது புலமின்னோட்டத்தில் மட்டுமே. அதை நொடிக்குப் பலமுறை விட்டும் வெட்டியும் வெளியீட்டை ஒரே அளவில் நிறுத்துகிறது. பழைய வண்டிகளில் அது 14.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அங்கே ‘சீராக்கி’ சரிதான்.

இன்று பல வண்டிகளில் நிலைமை வேறு. பேட்டரியின் எதிர்முனையில் உட்கார்ந்திருக்கும் உணரி மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பநிலை மூன்றையும் சொல்கிறது. அதைக் கொண்டு எஞ்சின் கணினி ரெகுலேட்டருக்குக் கட்டளை அனுப்புகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 12.5 வோல்ட் வரை இறக்கி எஞ்சினின் சுமையைக் குறைக்கும். காலை எடுத்ததும் எரிபொருள் பீச்சும் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும் அந்த நேரத்தில் 15 வோல்ட் வரை ஏற்றி, எரிபொருள் செலவில்லாமல் பேட்டரியை நிரப்பும். ‘சீராக்கி’ என்று படித்த மெக்கானிக் ஓடும் எஞ்சினில் 12.6 வோல்ட்டைப் பார்த்தால் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடுவார்.

‘மின்னழுத்த ஆளி’ என்று மாற்றலாமா?

——

> ‘மின்னழுத்த ஆளி’ என்று மாற்றலாமா?

வேண்டாம் ஐயா. இலங்கைப் பாடநூல்களில் ‘ஆளி’ என்றால் சுவிட்ச். அங்குள்ள மாணவர் இதை மின்னழுத்தத்தால் இயங்கும் சுவிட்ச் என்றே எடுத்துக்கொள்வார்.

அதைவிட, ‘சீராக்கி’யில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணினி 12.5 கேட்டால் ரெகுலேட்டர் 12.5-ஐச் சீராக நிறுத்துகிறது, 15 கேட்டால் 15-ஐ. மாறுவது இலக்கு, சீராக்கும் வேலை மாறவில்லை. நம் பட்டியலில் இல்லாதது அந்த இலக்குக்கான சொல். ‘இலக்கழுத்தம்’ என்று வைக்கலாம். ‘சீராக்கி இலக்கழுத்தத்தை எட்டவில்லை’ என்றால் கோளாறு. ‘இலக்கழுத்தமே 12.5’ என்றால் கோளாறில்லை.

சோதனையும் இதையே ஒட்டி வரும். ஸ்கேன் கருவியில் கணினி கேட்ட மின்னழுத்தத்தையும் பேட்டரி முனையில் மீட்டர் காட்டுவதையும் ஒப்பிட வேண்டும். ஸ்கேன் கருவி இல்லையென்றால் முகப்பு விளக்கையும் பின்கண்ணாடிச் சூடேற்றியையும் போடுங்கள். பல வண்டிகளில் இலக்கு உடனே 14-ஐத் தாண்டும். கட்டளைக் கம்பி அறுந்துவிட்டால் ரெகுலேட்டர் தனக்குள் பதிந்த மதிப்புக்குப் போய்விடும், அது பெரும்பாலும் 14-ஐ ஒட்டியே இருக்கும். எந்தச் சுமையிலும், எந்த வேகத்திலும் 14 அசையாமல் நிற்கும் புது வண்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பழைய சீராக்கியிலும் இலக்கு முற்றிலும் அசையாமல் இருந்ததில்லை. ஈயஅமில பேட்டரியில் ஓர் அறைக்கு 2.4 வோல்ட், ஆறு அறைக்கு 14.4. அறை வெப்பநிலையில் இதற்கு மேல் போனால் வாயு கிளம்பும், நீர் வற்றும். பேட்டரி சூடாக ஆக இந்த எல்லை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 20 மில்லிவோல்ட் இறங்கும். 40 டிகிரி கூடினால் 0.8 வோல்ட். அதனால் வெப்பத்தைப் பார்த்து இலக்கை இறக்கும் சுற்று பழைய சீராக்கிகளிலேயே உண்டு.

——

இலக்குக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ‘இலக்கழுத்தம்’ என்ற சுருக்கம்தான் ஆபத்து. இதே அதிகாரத்தில் எரிபொருள் அழுத்தமும் வருகிறது. ‘அழுத்தம் குறைந்தது’ என்று எழுதினால் வோல்ட்டா, எரிபொருள் பம்ப்பின் ‘பார்’ அளவா என்று படிப்பவர் தடுமாறுவார். நீளமானாலும் ‘இலக்கு மின்னழுத்தம்’ என்றே இருக்கட்டும்.

மின்னழுத்தமும் எரிபொருளும் ஒன்றையொன்று தொடுவதால்தான் இதை வலியுறுத்துகிறேன். உள்ளிழுப்புக் குழாயில் பீச்சும் சாதாரண இன்ஜெக்டருக்குக் கணினி கட்டளை கொடுத்த கணமே, எரிபொருள் வழியை அடைத்திருக்கும் ஊசி எழும்பாது. சுருளில் மின்னோட்டம் ஏற நேரம் வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் அந்த ஏற்றம் மெதுவாகும், ஊசி தாமதமாகத் திறக்கும். இதற்குத் ‘திறப்புச் சுணக்கம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

அளவைப் பார்த்தால் இது எவ்வளவு பெரியது என்று தெரியும். ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) கட்டளை 2.5 மில்லிநொடி, 14 வோல்ட்டில் சுணக்கம் 0.8 என்று கொள்வோம். உண்மையில் பீச்சும் நேரம் 1.7. மின்னழுத்தம் இறங்கிச் சுணக்கம் 1.1 ஆனால் மிஞ்சுவது 1.4. எரிபொருளில் ஏறத்தாழ 18 சதவீதம் காணாமல் போகிறது. கட்டளை 10 மில்லிநொடியாக இருக்கும் முழுச்சுமையில் அதே 0.3-இன் இழப்பு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கணினி மின்னழுத்தத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து கட்டளையை நீட்டுவதால்தான் ஆல்டர்னேட்டர் 12.5-க்கும் 15-க்கும் இடையே ஆடினாலும் எஞ்சின் தடுமாறுவதில்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் பெட்ரோல் எஞ்சின்களில் கணினியே மின்னழுத்தத்தைப் பலமடங்கு உயர்த்தி இன்ஜெக்டரைத் திறப்பதால், அங்கே இந்தப் பாதிப்பு மிகக் குறைவு.

பம்ப்பின் கதை நேர்மாறு. கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாமல் நேராக ரிலேயிலிருந்து (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஓடும் பம்ப் மின்னழுத்தம் குறைந்தால் மெதுவாகச் சுழலும். ஐட்லிங்கில் எரிபொருள் மிச்சமாகவே இருப்பதால் அழுத்தச் சீராக்கி சமாளித்துவிடும். தட்டுப்பாடு முழுச்சுமையில்தான் தெரியும். பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் 20 சதவீதம் விழுந்தால் எரிபொருள் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும்.

——

> ‘திறப்புச் சுணக்கம்’

அழகான சொல். ஆனால் கணினியின் அட்டவணையில் இருக்கும் எண் அது மட்டுமன்று. கட்டளை நின்ற பிறகும் ஊசி சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்த ‘மூடல் சுணக்கத்தை’த் திறப்புச் சுணக்கத்திலிருந்து கழித்த மிச்சம்தான் அட்டவணையில் வருகிறது. ‘நிகரச் சுணக்கம்’ என்று மூன்றாவது சொல்லும் வேண்டும். மேலே 0.8, 1.1 என்று கொடுத்தவையும் நிகரச் சுணக்கம்தான்.

இன்னொன்று. கணினி அளப்பது தன் முனையில் வந்த மின்னழுத்தத்தை, இன்ஜெக்டருக்குப் போனதை அன்று. இன்ஜெக்டருக்கு மின்சாரம் தரும் ரிலேயின் முனை கருகி அங்கே ஒரு வோல்ட் விழுந்தால் கணினிக்கு 14 தெரியும், இன்ஜெக்டர் 13-இல் திறக்கும். திருத்தம் போதாது. ஐட்லிங்கில் கலவை மெலியும், வேகம் பிடித்தால் சரியாகும். காற்றுக் கசிவும் இதே குறியைத்தான் காட்டும். கசிவைத் தேடி இன்டேக் குழாயைப் பிரிப்பதற்கு முன் பேட்டரி நேர்முனைக்கும் இன்ஜெக்டரின் மின்வரத்துக்கும் இடையே, எஞ்சின் ஓடும்போதே, மீட்டர் வைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் பி+ (வெளியீட்டு) முனைக்கும் பேட்டரி நேர்முனைக்கும் இடையே விளக்குகள் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே அதையும்விடக் குறைவாக இருக்க வேண்டும்.

இதற்கு ‘மின்னழுத்த வீழ்ச்சி’ ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. மாற்றத் தேவையில்லை.

——

‘ஆளி’யைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

மின்னழுத்தச் சீராக்கி: புலமின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி ஆல்டர்னேட்டர் வெளியீட்டை இலக்கு மின்னழுத்தத்தில் நிறுத்தும் பாகம்.

இலக்கு மின்னழுத்தம்: சீராக்கி எட்ட வேண்டிய மதிப்பு. நிலையானதாகவோ கணினி அவ்வப்போது மாற்றுவதாகவோ இருக்கலாம்.

திறப்புச் சுணக்கம், மூடல் சுணக்கம், நிகரச் சுணக்கம்: மேலே சொன்ன பொருளில்.

விட்டுப்போன ஒன்றையும் இப்போதே சேர்த்துவிடலாம். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஆல்டர்னேட்டர் டையோடு ஒன்று போனால் நேர்மின்னோட்டத்தின் மேல் ஏறிவரும் துடிப்புக்குச் ‘சிற்றலை’ என்பது என் பரிந்துரை. சராசரி 14 வோல்ட் என்று மீட்டர் நல்லபடியாகக் காட்டும்போதே, மாறுமின் அளவைக்கு மாற்றிப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் சிற்றலை தெரியும். சார்ஜ் குறைவதோடு சில உணரிகளின் சமிக்ஞையும் கலங்கும். வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.