உயர்பாத்திக்கு 30 சென்டிமீட்டர் சொட்டுநீர்க் குழாய் போதுமா?

களைக்கொத்தி:
ஈரக்கை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. புதிதாகக் காய்கறித் தோட்டம் போடும் ஒருவருக்கு அவர் சொன்ன யோசனை இது: "உயர்பாத்தியா? 30 செ.மீ.க்கு ஒரு துளை உள்ள சொட்டுநீர்க் குழாயைப் போடுங்கள், எல்லாக் காய்க்கும் அது போதும். பூவாளி தூக்குகிறவர்கள் நோயைத்தான் தெளிக்கிறார்கள்."

பாத்தி மண்ணுக்குள் கைவிட்டுப் பார்த்த யாரும் இந்த 30ஐச் சொல்ல மாட்டார்கள். உயர்பாத்தியில் நாம் நிரப்புவது வயல் மண் இல்லை. பாதிக்கு மேல் மட்கு, தேங்காய் நார்க்கழிவு, மணல். அந்தப் பொலபொலப்பில் சொட்டு பக்கவாட்டில் பரவாது, நேரே கீழே இறங்கிவிடும். ஈர வட்டம் அகலமாக விரிவது களிமண்ணில்தான். நான் கேரட் விதைத்த பாத்தியில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு கொத்து முளைத்தது, இடையெல்லாம் மொட்டை. கேரட் விதை மண்ணின் மேல்தோலில் கிடப்பது. முளைக்க ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அத்தனை நாளும் மேல்மண் காயவே கூடாது. 15 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் முளைக்கும் வரை பூவாளிதான்.

ஈரக்கை:
கணக்குத் தெரியாமல் பேசக்கூடாது. 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளப் பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2.88 சதுர மீட்டர். வாரத்துக்கு 25 மி.மீ. தண்ணீர் என்றால் 72 லிட்டர். நாலு வரிசைக் குழாய், வரிசைக்கு 8 துளை, துளைக்கு மணிக்கு 2 லிட்டர்: மொத்தம் மணிக்கு 64 லிட்டர். வாரத்துக்கு ஒரு மணி நேரமும் ஏழெட்டு நிமிடமும் ஓடினால் முடிந்தது. வெயில் காலத்தில் கூட்டிக்கொள்ளலாம். டைமர் வைத்துத் தினமும் கொஞ்சமாக விட்டால் மண் சீராக ஈரமாகவே இருக்கும். தக்காளிக் காயில் நுனி அழுகல் வருவது ஒருநாள் வறட்சி, ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் விடுவதால்தான். பூவாளிக்காரர்கள் செய்வது அதைத்தான்.

களைக்கொத்தி:
எத்தனை லிட்டர் என்று யார் கேட்டது? அந்த லிட்டர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. 72 லிட்டரும் 32 புள்ளிகளில் கிணறு மாதிரி இறங்கினால் நடுவில் இருக்கும் விதைக்கு என்ன லாபம்? 30 செ.மீ. தப்பு. தக்காளி, கத்தரிக்கு ஒரு செடிக்கு ஒரு துளை என்று சரிப்படும், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியது "எல்லாக் காய்க்கும்".

முள்கத்தரி:
பூவாளி நோயைத் தெளிக்கிறது என்பதற்கு ஒரு வார்த்தை. சாம்பல் நோய்க்கு இலையில் தண்ணீர் நிற்கவே தேவையில்லை. இலை நனைந்தால் அதன் வித்துகள் சரியாக முளைக்காது. பூசணிக் கொடியில் வெள்ளைப் பொடி வந்ததற்குப் பூவாளியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஈரக்கை:
ஒரே ஒரு நோயைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறீர்கள். தக்காளியின் இலைக்கருகல் ஈர இலையில்தான் பிடிக்கிறது. மண்ணிலிருந்து தெறிக்கும் தண்ணீரில்தான் அடியிலைக்கு ஏறுகிறது. தம்பி, இதெல்லாம் இருபது வருடம் மண்ணில் கிடந்து கற்றுக்கொண்டது.

முள்கத்தரி:
என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்குப் பேரன் இருக்கிறான். தெறிப்பதுதான் பயம் என்றால் மண் மேல் வைக்கோலோ சருகோ பரப்பி மூடாக்குப் போடுங்கள், காலையில் வேரோரம் ஊற்றுங்கள். பூவாளியில் இலை மேல்தான் ஊற்ற வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்?

களைக்கொத்தி:
இருபது வருட அனுபவம் என்கிறார். நார்க்கழிவை அலசாமல் பாத்தியில் கொட்டலாம் என்று போன மாதம் சொன்னவரும் இவர்தான். அதில் உப்பு இருக்கும், அலசித்தான் போட வேண்டும் என்று நான் சொன்னதற்கு இன்று வரை பதில் இல்லை. அந்தப் பேச்சை நம்பி நாற்று கருகியவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஈரக்கை:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? நான் வாங்கிய நார்க்கழிவுக் கட்டி அலசியே வந்தது. என் நாற்று கருகவில்லை.

பந்தல்கொடி:
களைக்கொத்தி அண்ணா, ஒரு சந்தேகம். உங்கள் தண்ணீர்த் தொட்டி பாத்தியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

களைக்கொத்தி:
ஒரு மீட்டர். ஏன்?

பந்தல்கொடி:
ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். துளைக்கு மணிக்கு 2 லிட்டர் என்று போட்டிருப்பது சுமார் 1 பாருக்கு. சாதாரணத் துளையில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கானால் வரத்து 0.6 லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மெதுவாகச் சொட்டினால் ஈரம் இன்னும் குறுகும். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு விடும் 'அழுத்தம் சமன் செய்யும் துளை' என்றால் இந்த உயரத்தில் ஒழுங்காக வேலையே செய்யாது. நீங்கள் பார்த்த மொட்டைக்கு இடைவெளி மட்டும் காரணமா? என் பாத்தியில் கசிவுக் குழாய்தான். நீளம் முழுக்க வியர்க்கும், இடைவெளி என்ற பேச்சே இல்லை. உப்புத் தண்ணீரில் சில பருவத்தில் அடைத்துக்கொள்ளும், அது ஒன்றுதான் குறை.

ஈரக்கை:
பார்த்தீர்களா! அழுத்தமே இல்லாமல் சோதனை செய்துவிட்டு என் 30ஐக் குறை சொல்கிறார். ஆனால் அம்மா, கசிவுக் குழாயைச் சொட்டுநீர் என்று சொல்லாதீர்கள், அது வேறு.

பந்தல்கொடி:
நான் அதைச் சொட்டுநீர் என்று சொல்லவே இல்லை. மேலே படியுங்கள்.

களைக்கொத்தி:
நான் இரண்டு மணி நேரம் திறந்து வைத்திருந்தேன். 0.6 என்றாலும் துளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கிறது. பிறகு துளைக்கும் துளைக்கும் நடுவில் குச்சியால் தோண்டினேன். மேலே நாலு விரல் ஆழம் தூசியாக இருந்தது, அதற்குக் கீழேதான் ஈரம். விதை இருப்பது அந்த நாலு விரலில். 1 பார் கொடுத்தால் வட்டம் கொஞ்சம் விரியும், இல்லை என்று சொல்லவில்லை. 30 செ.மீ.யைத் தொடாது.

ஈரக்கை:
தொடும். என் பாத்தியில் தொடுகிறது.

களைக்கொத்தி:
உங்கள் பாத்தியில் என்ன மண்?

ஈரக்கை:
தோட்டத்து மண்ணும் தொழுவுரமும். நல்ல பிடிப்பான மண்.

களைக்கொத்தி:
அதைத்தானே முதல் பதிவிலிருந்து கத்துகிறேன்! உங்களுடையது களி கலந்த மண், அதில் பரவும். அந்தப் புதியவர் நிரப்பியிருப்பது மட்கும் நார்க்கழிவும். அவருக்குப் போய் 30 என்று சொல்லலாமா?

ஈரக்கை:
என் மண் பிடிப்பானது என்றுதான் சொன்னேன், களி என்று சொல்லவில்லை. வார்த்தையை என் வாயில் திணிக்காதீர்கள். வடிகட்டிகூட இல்லாமல் தொட்டித் தண்ணீரைக் குழாயில் விடுகிற ஆள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பாதித் துளை அடைத்திருக்கும்.

களைக்கொத்தி:
வடிகட்டி இருக்கிறது, 120 மெஷ் நுண்சல்லடை. மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவுகிறேன். பார்க்காமலே பேசுவது உங்கள் பழக்கம்.

புதுப்பாத்தி:
அந்தப் புதியவர் நான்தான். எல்லாருக்கும் நன்றி. முதலில் முள்ளங்கியும் கீரையும் விதைக்கப் போகிறேன். எந்தக் குழாய் வாங்கட்டும்?

ஈரக்கை:
30.

களைக்கொத்தி:
15. அதுவும் முளைத்து ஈரிலை விடும் வரை பூவாளி. அவர் பேச்சைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

முள்கத்தரி:
குழாயே வேண்டாம். ஒரு பாத்திக்கு எதற்கு இத்தனை சாமான்? பூவாளி போதும்.

ஈரக்கை:
ஊருக்குப் போனால் யார் ஊற்றுவது, உங்கள் பேரனா?

முள்கத்தரி:
என் வீட்டுப் பிள்ளையை இதில் இழுக்காதீர்கள்.

களைக்கொத்தி:
நாளை ஒரு பாத்தியில் பாதிக்கு 15, பாதிக்கு 30 போட்டு ஒரே நாளில் கேரட் விதைக்கிறேன். தொட்டியில் விடாமல் நேரே மோட்டார் குழாயில் இணைத்து, அழுத்தமானி வைத்து 1 பாரில் ஓட்டுகிறேன். மூன்று வாரம் கழித்துப் படம் போடுவேன்.

ஈரக்கை:
அந்தப் பொலபொலத்த கலவையில் போட்டுப் படம் எடுத்து என்ன நிரூபிக்கப் போகிறீர்கள்? என் மண்ணில் போட்டுக் காட்டுங்கள்.