எவர்சில்வர் டம்ளரில் லேசரில் போட்ட பெயர் துருப்பிடிக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். மக் பிரிண்டிங்கில் தொடங்கி, இப்போது வளைகாப்பு, கிரகப்பிரவேச ரிட்டன் கிஃப்டுக்கு டம்ளர், டிபன் பாக்ஸில் பெயர் போட்டுத் தருகிறேன். மெஷின் 30 வாட் ஃபைபர் லேசர். எழுத்து விரலில் தட்டுப்பட வேண்டும் என்று கேட்பதால் ஆழமாகவே போடுகிறேன். கொடுக்கும்போது பளிச்சென்று இருக்கிறது. சில வாரம் புழங்கியதும் எழுத்துக்குள் மட்டும் செம்பழுப்புத் துரு. டம்ளரின் மற்ற இடமெல்லாம் சுத்தம். பாத்திரம் மட்டமா, மெஷின் கோளாறா? ஏற்கனவே கொடுத்ததைச் சரிசெய்ய முடியுமா?

பாத்திரக்கடைக்காரர்:
தம்பி, நாங்கள் ஊசி அதிரும் மோட்டார் மெஷினைக் கையில் பிடித்துப் பேர் வெட்டுகிறவர்கள். சீர்வரிசைப் பாத்திரம் முழுக்கப் பெண்ணின் பேரும் தேதியும் புள்ளி புள்ளியாக விழும். அந்த எழுத்தில் துரு என்று எங்கள் கடைக்கு யாரும் திரும்பி வந்ததில்லை. சரக்கை மட்டும் பார்த்து வாங்குங்கள். மலிவாக வருவது பெரும்பாலும் 202 ரக ஸ்டீல். 304 ரகம் என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

லேசர் ஜாப் ஒர்க் செய்பவர்:
ஐயா சொன்ன ஊசியிலேயே விடை இருக்கிறது. ஊசி உலோகத்தைக் குத்துகிறது, சுடுவதில்லை. எவர்சில்வரைக் காப்பது அதிலுள்ள குரோமியம். குறைந்தது 10.5 சதவீதமாவது இருக்கும். 304 என்றால் 18 அளவில். அது மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகப் படிந்திருக்கிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் படலம் திரும்ப வந்துவிடும். லேசரில் ஆழமாக உருக்கும்போது அந்த இடத்துக் குரோமியம் ஆக்சைடுக் கசடாகப் போய், அடியில் குரோமியம் குறைந்த பரப்பு மிஞ்சுகிறது. உப்பும் புளியும் பட்டால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். 202 என்றால் இன்னும் சீக்கிரம்.

அதனால் தோண்டாதீர்கள், கறுப்பாக்குங்கள். அனீலிங் என்போம். ஃபோகஸைச் சற்று விலக்கி, ஃப்ரீக்வென்சியை ஏற்றி, வேகத்தைக் குறையுங்கள். எழுத்து வழவழப்பாக, கருமையாக வரும். ஒவ்வொரு புதுச் சரக்குக்கும் செட்டிங் மாறும், ஒரு டம்ளரைச் சோதனைக்கு ஒதுக்கத்தான் வேண்டும். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை எழுத்தின்மேல் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் துரு தெரிந்தால் சூடு அதிகம்.

கொடுத்துவிட்ட டம்ளர்களை வாங்கி, நைலான் பிரஷால் எழுத்தை நன்றாகத் தேய்த்து, சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவித் துடைத்துக் கொடுங்கள். படலம் ஓரளவு திரும்பும். மிக ஆழமாகத் தோண்டியதில் நிச்சயமில்லை. ஸ்டீலில் கறை நீக்கக் கடையில் விற்கும் பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை பக்கம் போகவே வேண்டாம். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது.

இன்னொருவர்:
யூவி பிரிண்டரில் கலராகவே அடித்துவிடலாமே?

லேசர் ஜாப் ஒர்க் செய்பவர்:
ஷீல்டு, போட்டோ பிரேம் என்றால் சரி. யூவி மை பரப்பின் மேலேயே உறைந்து நிற்பது. ஸ்டீலில் பிரைமர் பூசி அடித்தாலும் தினமும் கம்பிநார் படும் டம்ளரில் தாங்காது. நீங்கள் மக்கில் பார்த்திருப்பீர்களே, சப்ளிமேஷன் சாயம் ஆவியாகிப் பாலிமர் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும், அதனால்தான் தேய்வதில்லை. பூச்சில்லாத ஸ்டீலில் அதுவும் பிடிக்காது.

கேட்டவர்:
அனீலிங் போட்டுப் பார்த்தேன் சார். உப்புத் துணிச் சோதனையில் 304 சுத்தமாக நின்றது, 202-ல் லேசாகக் கறை. இனி 304 மட்டும்தான்; விலை ஏறுவதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுவேன். இன்னொரு சந்தேகம்: ‘கொ’, ‘பெ’ எல்லாம் லேசர் சாஃப்ட்வேரில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக விழுகிறது.

லேசர் ஜாப் ஒர்க் செய்பவர்:
அங்கே தட்டச்சு செய்யாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை சாஃப்ட்வேரில் பெயரை எழுதி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்துக் கொண்டுவாருங்கள். அப்புறம், லேசர் ஓடும்போது அதன் 1064 நானோமீட்டர் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, டம்ளரின் வளைவில் பட்டு எந்தப் பக்கமும் தெறிக்கும். சாதா கூலிங் கிளாஸ் அதைத் தடுக்காது.