மேக்ஸ் பெரூட்ஸ் பரிசு: முனைவர் பட்ட ஆய்வைப் பொதுமக்களுக்கு எழுதிய அனுபவங்கள்

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், தன் நிதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்களுக்காக 1998-இல் தொடங்கிய கட்டுரைப் பரிசு, வேதியியலில் நோபல் பெற்ற மேக்ஸ் பெரூட்ஸின் பெயரைத் தாங்கியது. "என் ஆராய்ச்சி ஏன் முக்கியம்?" என்ற ஒரே கேள்விக்கு, அறிவியல் படிக்காதவருக்கும் விளங்குமாறு விடை எழுத வேண்டும். நான் எழுதிய ஆண்டில் வரம்பு 800 சொற்கள். முதற்பரிசு 1,500 பவுண்டு. எனக்குப் பரிசு கிடைக்கவில்லை என்றாலும், அந்தக் கட்டுரை வழியாக நேர்ந்த ஒரு சந்திப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

என் ஆய்வு சிக்கிள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோயைப் பற்றியது. முதல் வரைவை, அந்த நோயுடன் வாழும் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்து முடித்தவர், "வலி வரும் நாளில் என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எதிர்காலச் சிகிச்சை பற்றிய பத்திகளைக் குறைத்துவிட்டு, அவருடைய கேள்விக்கே கட்டுரையின் பெரும்பகுதியைக் கொடுத்தேன். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வேலின் என்ற வேறொன்று இருக்கிறது. ஆக்சிஜனை விட்ட பிறகு இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. இழைகள் தள்ளுவதால் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. இரத்தம் போய்ச் சேராத இடத்தில் வலி எழுகிறது. இந்த ஒற்றை மாற்றத்தை 1950-களில் கண்டறிந்த வெர்னான் இங்கிராம், கேம்பிரிட்ஜில் பெரூட்ஸின் ஆய்வுப் பிரிவில்தான் பணியாற்றினார்.

பெரூட்ஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1937-இல் ஹீமோகுளோபின் படிகங்களை எக்ஸ் கதிரில் ஆராயத் தொடங்கிய அவருக்கு அதன் வடிவம் 1959-இல்தான் புலப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரு கேள்வியை அவர் விடவில்லை. அத்தகையவரின் பெயரால் எழுதும் மாணவர், ஐந்தே ஆண்டில் மருந்து வந்துவிடும் என்று வாசகருக்கு வாக்களிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி

நண்பரின் பதிவு என் வேலையோடு நெருங்கிய தொடர்புடையது. பெரூட்ஸுடன் பின்னாளில் மாறுபட்ட ஹீமோகுளோபின்களை ஆராய்ந்த ஹெர்மன் லேமன்தான், மேரி கட்புஷுடன் சேர்ந்து, நீலகிரிப் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் பண்பு (மாறிய மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள நிலை) இருப்பதை 1952-இல் வெளியிட்டவர். இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் அறிவித்த 'அவ்சார்' என்ற அறிவியல் எழுத்துப் போட்டிக்காக, அதே நோய் குறித்த என் முனைவர் பட்ட ஆய்வை ஒரு கதைபோல எழுதினேன். அப்போது அதில் முதற்பரிசு ஒரு லட்சம் ரூபாய். அதைத் தவிர, தேர்வாகும் நூறு கட்டுரைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய்.

கூடலூர்ப் பக்கத்தில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருவரிடம் என் வரைவின் சாரத்தைச் சொன்னேன். அவர் மூலக்கூறைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா அம்மா இரண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க, பிள்ளைக்கு மட்டும் எப்படி வந்ததுன்னு கேக்கிறாங்க, அதை எழுதும்மா" என்றார். பெற்றோர் இருவரும் மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் கொண்டிருந்தால் அவர்களுக்கு நோய் இராது; ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த குழந்தைக்கு வராது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த வாய்ப்பு ஒவ்வொரு முறையும் அதே அளவில்தான் இருக்கிறது. இந்தப் பகுதியை எழுதி முடித்ததும், நெறியாளருக்கு அனுப்புவதற்கு முன்பே அந்த அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார். அந்த இரண்டையும் திருத்திய பிறகே கட்டுரையை அனுப்பினேன்.